இதமும் உரிப்பொருளும்: மாயம் கலந்த சூழற்புனைவு பற்றிய இரு கொள்கைகளுக்கு மறுப்பு

முன்னுரை

மழை பெய்யும் ஒரு தெரு. அதன் மூலையில் ஒரு பழைய புத்தகக்கடை அல்லது காபிக்கடை. உள்ளே மங்கிய விளக்கொளி. வந்து போவோர் நான்கைந்து பேர். அவர்களுள் ஒருவர் இறந்தவராகவோ காலத்தைக் கடந்து வந்தவராகவோ இருப்பார். அதனைக் கண்டு எவரும் பெரிதாக வியப்பதில்லை. இத்தகைய அமைப்புடைய கதைகள் அண்மைக்காலத்தில் ஜப்பானிய, கொரிய மொழிகளினின்று ஆங்கிலத்திற்கும், அதன் வழியாக இந்திய வாசகர்க்கும் பெருமளவில் வந்து சேர்ந்துள்ளன. சூழலை முதன்மைப்படுத்தி, மனத்திற்கு இதமளித்து, இடையிடையே மாயத்தைத் தொட்டுச் செல்லும் இவ்வகை எழுத்தினை ‘இதப்புனைவு’ எனச் சுருங்கக் குறிப்பிடலாம்.

தமிழ்த் திறனாய்வுச் சூழலில் இதனைப் பற்றி இரு கொள்கைகள் நிலவுகின்றன. வாழ்க்கைச் சிக்கல்களினின்று தப்பியோடுவோர்க்கான எழுத்து இது. ஆய்வுக்கு உரியதன்று என்பது ஒன்று. மாயம் இடம்பெறுவதால் இதுவும் மாய யதார்த்தமே. ஆகவே உயர்ந்த எழுத்து என்பது மற்றொன்று. முன்னது கல்விப்புலத்திலும் பின்னது நூல் மதிப்புரைகளிலும் பின்னட்டைக் குறிப்புகளிலும் மிகுதி. ஒன்றையொன்று எதிர்ப்பனபோல் தோன்றும் இவ்விரண்டும் ஒரே பிழையினின்று பிறந்தவை. இரண்டுமே ஒரு கதையின் முதலையும் கருவையும் கண்டு அதன் உரியைத் தீர்மானித்துவிடுகின்றன. தொல்காப்பியம் கற்ற மரபு இப்பிழைக்கு ஆளாகியிருத்தல் தகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதத்தை நாடுவோர்

ஐதராபாத்தின் வடகிழக்கில், காப்ராவை ஒட்டி அமைந்தது ஏ.எஸ்.ராவ் நகர். 1967இல் தொடங்கப்பெற்ற இந்திய மின்னணுக் கழகத்தின் (இ.சி.ஐ.எல்.) நிறுவனராக விளங்கிய அறிவியலாளர் அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு அது. அணுசக்தித் துறையின்கீழ் இயங்கும் அந்நிறுவனத்தில் பணியாற்ற நாட்டின் பல பகுதிகளினின்றும் மக்கள் வந்து குடியேறினர். தமிழ்க் குடும்பங்களும் அவர்களுள் அடங்கும். தொலைக்காட்சிப் பெட்டியும், பின்னாளில் வாக்குப்பதிவு இயந்திரமும் உருவாக்கிய நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த இக்குடியிருப்பை மாயத்திற்கு எளிதில் இடங்கொடுக்கும் ஊர் எனக் கூற இயலாது.

ஆயினும், இத்தகைய ஊரில் வாழும் தமிழ் வாசகரை முன்னிறுத்தியே இதப்புனைவின் ஈர்ப்பை ஆராய்தல் வேண்டும். அலுவலகத்தில் ஆங்கிலம், கடைவீதியில் தெலுங்கு, ஆட்டோவில் தக்கினி உருது, வீட்டில் மட்டும் தமிழ் என்பது அவர்தம் அன்றாட வாழ்க்கை. பள்ளியில் தெலுங்கோ இந்தியோ கற்ற பிள்ளைகள் தமிழ் பேசுவர், படிக்க அறியார். மொழி ஒரு சூழலாகத் தன்னைச் சூழ்ந்திராத இடத்தில், எழுத்தின் வழியாக அச்சூழலை மீளப் பெற விழைவது இயல்பே. மதுரையிலோ தஞ்சையிலோ வாழ்வோர்க்குத் தெருவில் இறங்கினால் கிடைப்பது, இவர்க்கு நூலைத் திறந்தாலன்றிக் கிடைப்பதில்லை. கதையில் மணக்கும் காபியும் ஒழுகும் ஓட்டுக்கூரையும் திண்ணையும் இவர்க்கு வெற்று அலங்காரமல்ல. மும்பை, பெங்களூரு, தில்லித் தமிழர்க்கும் இது பொருந்தும்.

இவ்வாசகரைத் ‘தப்பியோடுபவர்’ எனல் எளிது. ஆனால், எதனினின்று தப்பி எங்கு ஓடுகின்றார் என்னும் வினாவை அக்கொள்கையினர் எழுப்புவதில்லை. தமிழை விட்டு ஓடுவதற்கே வாய்ப்பு மிகுந்த இடத்திலிருந்து தமிழை நோக்கி ஓடிவருபவர் அவர். அவரை ஏளனம் செய்யும் திறனாய்வு, மொழிக்குரிய வாசகரையே இழக்கும்.

நெடுநல்வாடையின் இதம்

சூழலும் இதமும் வெளிநாட்டுச் சரக்கு என்னும் எண்ணமும் திருத்தப்பட வேண்டியதே. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையின் 188 அடிகளில் பெரும்பகுதி சூழலே. மழைக்குப் பெயர்ந்த ஆயர் தீயில் கை காய்கின்றனர். மந்திகள் குளிரால் நடுங்குகின்றன. பகலும் இரவும் அறியாத மாடப்புறாக்கள் இருந்த இடத்திலேயே கால் மாற்றி நிற்கின்றன. கதிரவன் தோன்றாமையால், பிச்சியின் அரும்பு மலர்ந்தமை கண்டு மாலை வந்ததை உணரும் மகளிர் விளக்கேற்றுகின்றனர். விசிறிகள் மடிந்து தொங்குகின்றன, சாளரங்கள் அடைபட்டுள்ளன, தண்ணீரை விடுத்து எல்லோரும் தடாவின் நெருப்பை நாடுகின்றனர். உலகின் எந்த இதப்புனைவும் இதனினும் நுட்பமாகக் குளிரையும் கதகதப்பையும் காட்டிவிடவில்லை.

ஆனால் அப்பாட்டு அங்கு நின்றுவிடவில்லை. அத்தனை கதகதப்பும் யானைத் தந்தத்தாலான கட்டிலின்மீது அணிகலன் களைந்து அமர்ந்திருக்கும் ஒருத்தியை வந்தடைகின்றது. மேற்கட்டியில் எழுதப்பெற்ற திங்களையும் உரோகிணியையும் கண்டு அவள் பெருமூச்செறிகின்றாள். அவள் கணவனோ பாசறையில், நள்ளிரவிலும் உறங்காது, வாடையில் அசையும் விளக்கொளியில் புண்பட்ட வீரரைக் கண்டு வருகின்றான். வீட்டின் விளக்கும் பாசறையின் விளக்கும் ஒரே காற்றில் அசைகின்றன. வீட்டின் இதம் எத்தகைய இழப்பின் நடுவே நிலவுகின்றது என்பதைப் பாட்டின் இறுதி உணர்த்துகின்றது. வேம்பு சூட்டிய வேல் குறிப்பிடப்படுவதால் இப்பாட்டு அகமா புறமா என்னும் வினா உரைமரபில் எழுந்தமை அனைவரும் அறிந்ததே. இதத்தையும் போரையும் ஒரே பாட்டில் வைத்ததன் விளைவே அவ்வினா.

முல்லைத்திணையும் இதற்குச் சான்று. கார்காலமும் மாலைப்பொழுதும் பூத்த முல்லையும் வீடு திரும்பும் ஆனிரையும் ஆகிய இவற்றைவிட இதமான காட்சிகள் அரியன. ஆனால் முல்லையின் உரிப்பொருள் ‘இருத்தல்’ ஆகும். வருவதாகச் சொன்னவன் இன்னும் வரவில்லை என்பதே அம்மாலைப்பொழுதின் பொருள். இதத்தை நாடுவது இழிவெனின், முல்லைப்பாட்டையும் இழிவென்று தள்ள நேரும்.

மாயம் கருப்பொருளே

இரண்டாம் கொள்கையின் பிழை இதனினும் நுண்ணியது. பேயோ காலப்பயணமோ பேசும் பூனையோ இடம்பெற்ற அளவில் ஒரு கதை மாய யதார்த்தம் ஆகிவிடுமா? தொல்காப்பியர் கருப்பொருள்களை அடுக்குமிடத்துத் தெய்வத்தை முதலில் வைக்கின்றார். அதனை அடுத்து உணவும் விலங்கும் மரமும் பறவையும் பிறவும் வருகின்றன. மனிதர்க்கு அப்பாற்பட்ட ஆற்றல், உண்ணும் சோற்றோடும் மேயும் மாவோடும் ஒரே நிரலில் வைக்கப்பட்டிருத்தல் கூர்ந்து நோக்கத்தக்கது. இவ்வடிப்படையில், இன்றைய இதப்புனைவின் பேய் ‘தெய்வம்’ என்பதனுள்ளும், காபி ‘உணா’ என்பதனுள்ளும், பூனை ‘மா’ என்பதனுள்ளும் அடங்கும். மூன்றும் கருப்பொருளே.

பாடலுள் பயின்றவற்றை ஆராயுங்கால் முதலினும் கரு சிறந்தது; கருவினும் உரி சிறந்தது என்பது தொல்காப்பிய முறை. திணைகள் தம்முள் மயங்குமிடத்தும் உரிப்பொருள் மயங்குதலை அந்நூல் ஏற்பதில்லை. நிலமும் பூவும் பறவையும் இடம் மாறலாம். உரி மாறின் திணையே மாறும். ஆகவே, மாயம் உள்ளதா என்பது திறனாய்வின் இறுதி வினா ஆகாது. அம்மாயம் எந்த உரிப்பொருளைச் சுமக்கின்றது என்பதே வினா.

மாய யதார்த்தம் என்னும் சொல்லின் வரலாறும் இதனையே வலியுறுத்துகின்றது. 1925இல் செர்மானியக் கலைத்திறனாய்வாளர் பிரான்சு ரோ ஓவியத்தைக் குறித்து அச்சொல்லைக் கையாண்டார். 1949இல் கியூப எழுத்தாளர் அலெகோ கார்பெந்தியேர், ‘இவ்வுலகின் அரசு’ என்னும் தம் நாவலின் முன்னுரையில் வியப்புறு யதார்த்தம் என்னும் கருத்தை முன்வைத்தார். எயிட்டியின் அடிமைகளுடைய எழுச்சி பற்றிய நாவல் அது. 1967இல் வெளிவந்த காப்ரியேல் கார்சியா மார்க்கேசின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலில் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஓயாது மழை பெய்கின்றது. அம்மழை வாழைத்தோட்டத் தொழிலாளர் கொல்லப்பட்டதன் பின்னர்த் தொடங்குகின்றது. கொலம்பியாவில் 1928இல் நிகழ்ந்த படுகொலையே அதற்கு அடிப்படை. கொன்றதை இல்லையென்று சாதிக்கும் அரசின் சொல்லுக்கும் அம்மழைக்கும் உள்ள தொடர்பை நீக்கிவிட்டு, மழையின் அழகை மட்டும் எடுத்துக்கொள்வது மார்க்கேசைப் படித்ததாகாது.

தமிழிலும் இந்நெறி புதிதன்று. தமிழவனின் ‘ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்’ 1985இல் வெளிவந்த நாள்முதல் இச்சொல் நம்மிடையே வழங்கிவருகின்றது. நாற்பதாண்டு வழக்கிற்குப் பின்னரும் அதனை வெறும் அழகுச்சொல்லாக ஆள்வது முறையன்று.

இரு காபிகள்

கொள்கையளவில் கூறியதை இரு கதைகளின் வழியாகச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டிலும் ஒரு காபிக்கடையும் ஒரு மாயமும் உள்ளன.

தோசிகாசு கவாகுச்சியின் ‘காபி ஆறும் முன்’ ஜப்பானிய மொழியில் 2015இல் நாவலாக வெளிவந்தது. அதற்கு முன்னர் அது நாடகமாக நடிக்கப்பெற்றது. தோக்கியோவில் நிலத்தடியில் அமைந்த ஒரு சிறு காபிக்கடையின் ஓர் இருக்கையில் அமர்ந்து, ஊற்றிய காபி ஆறும் வரையில் கடந்த காலத்திற்குச் சென்று வரலாம். ஆனால், அங்கு என்ன செய்தாலும் நிகழ்காலம் மாறாது. காபி ஆறுவதற்குள் குடித்து முடிக்காதவர் பேயாக அவ்விருக்கையிலேயே தங்கிவிடுவார். அவ்வாறு தங்கிவிட்ட ஒரு பெண் அங்கு எப்போதும் அமர்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருக்கின்றாள்.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ 1943இல் வெளிவந்தது. சென்னைப் பிராட்வே முனையில் கந்தசாமிப் பிள்ளையைச் சந்திக்கும் கடவுள் அவரோடு காபி குடிக்கின்றார். அந்தக் காபியில் சிக்கரி கலந்திருக்கின்றது. வைத்தியப் பத்திரிகை நடத்தும் பிள்ளை, கடவுளிடம் வரம் கேட்பதை விடுத்துச் சந்தா சேர்க்கின்றார். பிழைப்பிற்காக ஆடத் துணியும் கடவுளின் ஆட்டம் உரியவரிடம் எடுபடவில்லை. எட்டி நின்று வரம் தரலாமேயன்றி மனிதரோடு உடன்வாழ்தல் இயலாது என்னும் முடிவிற்குக் கடவுள் வருகின்றார்.

இரண்டாம் கதையின் உரிப்பொருள் வெளிப்படை. கூலிக்கும் சந்தாவிற்கும் இடையே நெருக்குண்ட நகர வாழ்வில் கடவுளுக்கும் பிழைப்பில்லை என்பது அது. மாயம் இங்கு வாழ்க்கையின் விலையை அளந்து காட்டும் கருவியாகின்றது. முதற்கதையை அவ்வாறே ஒரேயடியாகத் தள்ளிவிட இயலுமா? இயலாது. நிகழ்காலம் மாறாது என்னும் விதியில் ஓர் உரிப்பொருள் உள்ளது. இழந்ததை மீட்க இயலாது, அதனை நோக்கும் முறையை மட்டுமே மாற்றலாம் என்பது அது. அந்த இருக்கையில் அமர்ந்திருக்கும் பெண்ணே அவ்விதியின் விலையைச் செலுத்தியவள். அவள் இருக்கும்வரை கதை பொய்யாகாது. கடையின் மணத்தையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு அவளை மறந்துவிடும் போலிகளே வினாவிற்கு உரியவை.

கொரிய எழுத்தாளர் இ மி-யேயின் ‘தாலர்குட் கனவு அங்காடி’ (2020) நாவலிலும் இது காணத்தக்கது. உறங்குவோர்க்குக் கனவு விற்கும் அங்காடியில், கனவு கண்டபின் எழும் உணர்ச்சியே விலையாகப் பெறப்படுகின்றது. மின்னணு நிறுவனம் ஒன்றில் பொறியாளராகப் பணியாற்றிய ஒருவர் எழுதிய கதையில் கணக்கு இத்துணைத் தெளிவாக இருத்தல் வியப்பன்று. எந்த மாயமும் விலையின்றிக் கிடைப்பதில்லை என்பதை இதப்புனைவுகளுள் சிறந்தன அறிந்தேயிருக்கின்றன. அவற்றைப் புகழ்வோரும் பழிப்போருமே இதனைக் காணவில்லை.

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ (2016) இதற்குத் தமிழ்ச்சான்று. பேருருவம் கொண்ட ஒருவன் தந்து செல்லும் கையளவு குட்டி, கிழவியின் அரவணைப்பு, ஒரே ஈற்றில் ஏழு குட்டிகள் என இதமும் மாயமும் நிறைந்த கதை அது. அதற்குள்ளேயே, ஆட்டின் காதில் அடையாளமிட வரிசையில் நிற்கும் மக்களும், வாய் திறக்க அஞ்சவைக்கும் ஆட்சியும், வறட்சியும் உள்ளன. ஆட்டுக்குட்டியின் மென்மையில் ஈர்க்கப்பட்டு நுழையும் வாசகர் அச்சத்தின் வரலாற்றை அறிந்து வெளியேறுகின்றார்.

செகந்திராபாத்தின் இரு முகங்கள்

இவ்வாய்வு நூல்களைத் தரம்பிரிக்கும் பணியோடு முடிவதன்று. உரிப்பொருளற்ற இதம் ஓர் ஊரின் வரலாற்றையே மறைத்துவிட வல்லது என்பதற்கு, ஏ.எஸ்.ராவ் நகருக்கு அண்மையிலுள்ள செகந்திராபாத் சான்றாகும்.

ஐதராபாத்–செகந்திராபாத் இரட்டை நகரங்களை இதப்புனைவிற்குரிய நிலமாக மாற்றுதல் மிக எளிது. இரானித் தேநீர், உசுமானியா பிஸ்கட், முத்துக்கடை, மினார்களின் மேல் நிலவு, நவாப் காலத்து மாளிகையில் நடமாடும் ஒரு நற்பண்புடைய ஆவி என்று அடுக்கினால் போதும். இந்நிலத்தில் 1948 செப்டம்பர் 13இல் இந்தியப் படை நுழைந்தது. அதற்கு முன்னர் ரசாக்கர்களின் வன்முறையும், அதன்பின் முசுலிம் மக்கள்மீது பெருங்கொடுமையும் நிகழ்ந்தன. பண்டித சுந்தர்லால் குழு, கொல்லப்பட்டோர் 27,000 முதல் 40,000 வரை எனக் கணித்தது. அவ்வறிக்கை பல பத்தாண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு வராதிருந்தது. தேநீரின் மணத்தை மட்டும் எழுதுவோர் இதனை மறுத்து ஒரு சொல்லும் கூறுவதில்லை. கூறவேண்டிய தேவையே அவர்க்கு எழுவதில்லை.

1931இல் செகந்திராபாத்தில் பிறந்து, தம் இருபதாம் வயதளவும் அங்கு வாழ்ந்த அசோகமித்திரன் இதே நிலத்தை எழுதினார். 1977இல் வெளிவந்த ‘18வது அட்சக்கோடு’ நாவலில் இதத்திற்குக் குறைவில்லை. லான்சர் பாரக்சு குடியிருப்பும், வீட்டு மாடும், கிரிக்கெட்டும், அண்டை வீட்டு முசுலிம், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் அன்பும் மெல்லிய நகையும் கலந்து வருணிக்கப்படுகின்றன. ஆனால், நாவலின் இறுதியில் கலவரத்திற்குத் தப்பி ஒரு வீட்டினுள் புகும் சந்திரசேகரனைக் கண்டு, தன் குடும்பத்தைக் காக்கும்பொருட்டு ஓர் இளம்பெண் தன்னையே தர முன்வருகின்றாள். அவன் அருவருப்பும் வெட்கமும் மேலிட வெளியே ஓடுகின்றான். அதுவரை வாசகர் துய்த்த குடியிருப்பின் இதம் அனைத்தும் அந்த ஒரு கணத்தில் பொருள் பெறுகின்றது. இழக்கப்பட்டது இன்னதென அறிவதற்கே அச்சூழல் அத்துணை அன்போடு கட்டப்பட்டது.

மாயத்தைத் தொடுமிடத்தும் அசோகமித்திரனின் நெறி இதுவே. ‘புலிக்கலைஞன்’ சிறுகதையில், திரைப்பட நிறுவனத்திற்கு வேலை தேடி வரும் ஏழை ஒருவன் புலிமுகம் அணிந்த கணத்தில் புலியாகவே ஆகிவிடுகின்றான். அலுவலகமே அஞ்சி வியக்கின்றது. முகமூடியைக் கழற்றியதும் அவன் மீண்டும் பசித்தவனாக நிற்கின்றான். பின்னர் அவனுக்கு வாய்ப்பு வரும்போது, தேடியும் அவன் கிடைப்பதில்லை. வியப்பும் பசியும் ஒரே உடலில் இருந்தமையே அக்கதையின் உரிப்பொருள்.

ஒரு தடையும் விடையும்

‘நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர் இரவில் ஒரு மென்மையான கதை படிக்க விரும்பினால், அவர்முன் பாசறையையும் படுகொலையையும் வைத்தல் வேண்டுமா?’ என்னும் தடை எழலாம். நியாயமான தடையே. ஆனால், உரிப்பொருள் என்பது துன்பத்தின் மறுபெயரன்று. புணர்தலும் ஊடலும் உரிப்பொருள்களே. ஊடல் தீர்வதைப் பாடும் மருதம் எந்தப் படுகொலையையும் கூறவில்லை. எனினும் அது உள்ளீடற்றதன்று. மனிதர் ஒருவர் மற்றொருவர்க்கு எவ்வாறு தேவைப்படுகின்றார், அத்தேவை எவ்வாறு நிறைவேறாது போகின்றது, நிறைவேறின் அதற்கு என்ன ஈடு தரப்படுகின்றது என்பதனுள் ஏதேனும் ஒன்றை ஒரு கதை அறிந்திருத்தல் போதும். களைத்தவர்க்கு ஓய்வு வேண்டும் என்பதாலேயே அவர்க்குப் போலியைத் தரலாம் என்பது பெறப்படாது. களைத்தவர் ஏமாற்றப்படுதல் எளிது. ஆதலின் அவர்க்கு நல்லதைத் தேர்ந்து தரும் கடமை திறனாய்வாளர்க்கு மிகுதி.

நிறைவுரை

இதப்புனைவைத் தொடாமலே தள்ளும் கல்விப்புலமும், தொட்டவுடன் மாய யதார்த்தம் எனப் பெயரிடும் மதிப்புரையும் கைவிட வேண்டிய பழக்கம் ஒன்றே. பூவையும் பறவையையும் கண்ட அளவில் திணை கூறிவிடும் பழக்கம் அது. அதனை மாணவர்க்குத் தவறென்று கற்பிக்கும் துறைகள், இன்றைய நாவலைப் படிக்குங்கால் தாமே செய்வது முரண்.

முதுகலைப் பாடத்திட்டங்களில் நெடுநல்வாடையோடு ‘பூனாச்சி’யையும், ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையோடு கவாகுச்சியின் நாவலையும் ஒப்பிட்டுப் பயிலும் ஒரு தாளேனும் இடம்பெறுதல் வேண்டும். திணைக்கோட்பாடு சங்கப் பாடல்களுக்கு மட்டும் உரிய பழம்பொருளாகப் பேணப்படாமல், இன்றைய எழுத்தை எடைபோடும் கருவியாக ஆளப்படவும் வேண்டும்.

ஏ.எஸ்.ராவ் நகரின் ஏதோவொரு வீட்டில் மழைக்காலத்து இரவொன்றில் தமிழ் நூலைத் திறக்கும் வாசகர், இதத்தை நாடியே அதனைத் திறக்கின்றார். அவர் நாடுவதில் குற்றமில்லை. அவர்க்குக் கிடைப்பது முல்லையா, முல்லைப்பூ வரைந்த காகிதமா என்பதைச் சொல்ல வேண்டியவர் தமிழாய்வாளரே.